அண்ணன் பின்னிய ரேந்தை

அண்ணே, மருமகள் இன்று காலையில் மிக்ஸியில் பத்திரிகை அரைத்தாள். வீட்டிலேயே காகிதம் செய்வது எப்படி என்று போனில் யாரோ சொல்லிக்கொடுக்கிறார்களாம். நேற்றைய செய்தி எல்லாம் சட்னி ஆகிவிட்டது. அட்டை ஒட்டப் பசை வேண்டும் என்றாள். கடையில் வாங்கி வைத்திருந்த பசை காய்ந்து போயிருந்தது. புளியங்கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, இடித்துக் காய்ச்சு என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் காய்ச்சினாள். அந்த வாடை அடுக்களையிலிருந்து முன்னறைக்கு வந்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் அடக்கத்தன்றுகூட அழாதவள், ஒரு சட்டி பசைக்கு அழுதேன்.

எல்லைப் போராட்டம் நடந்த காலம் அது. நம்முடைய ஊர்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் கூட்டம் போட்டு, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவீர்கள். தடியடி நடந்த பிறகு உங்கள் பெயரிலும் வாரண்டு வந்தது. உங்கள் கூட்டாளிகள் காட்டாக்கடை வழியாக மலைப்பக்கம் போனார்கள். நீங்கள் ஒளிந்த இடம் நம் வீடு, வெயிலில் உணக்கிய மரச்சீனிக் கிழங்கு கொட்டி வைத்திருந்த உள்ளறை. ஒருமுறை வந்து தேடிய வீட்டுக்குப் போலீசு உடனே திரும்பி வராது என்பது உங்கள் கணக்கு. அம்மாவுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. வயலுக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் போவாள்.

போலீசைவிட உங்களுக்குப் பெரிய தொல்லை சும்மா இருப்பது. அந்த அறையில் நாலு எட்டு நடந்தால் சுவர் வந்துவிடும். நான் அடுத்த அறையில் ரேந்தை பின்னிக்கொண்டிருப்பேன். இப்போது எல்லோரும் லேஸ் என்கிறார்கள். மிஷன் சபைப் பெண்களுக்கு அன்று அதுதான் கைத்தொழில். வைக்கோல் திணித்த திண்டின் மேல் புள்ளி குத்திய அட்டையை வைத்து, புள்ளிகளில் ஊசி ஏற்றி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். என்னுடைய அட்டை நைந்து போய்விட்டது, ஊசி நிற்கவில்லை என்று ஒருநாள் புலம்பினேன்.

"அட்டைதானே மக்கா, நான் உண்டாக்கித் தாறேன்" என்றீர்கள்.

கூட்டத்தில் கொடுக்காமல் மிஞ்சிய நோட்டீசுக் கட்டு ஒன்று உங்களிடம் இருந்தது. அம்மா காய்ச்சிய புளியங்கொட்டைப் பசையைத் தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தீர்கள். அச்சடித்த பக்கம் வெளியே தெரியக் கூடாது என்று மேலும் கீழும் வெள்ளைத் தாள் ஒட்டினீர்கள். காய்ந்ததும் பழைய அட்டையை மேலே வைத்து ஊசியால் புள்ளி குத்தினீர்கள். "கூட்டத்துக்குப் போவாத நோட்டீசு ரேந்தைக்கு ஆச்சு" என்று உங்களுக்கு ஒரே சிரிப்பு. கடையில் வாங்கும் அட்டை அவ்வளவு உறுதியாக இருந்ததே இல்லை.

அடுத்தது பாசிமணி. கட்டைகள் ஒன்றுக்கொன்று மாறிவிடுகின்றன என்று நான் சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. அறுந்த பாசிமாலை ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு சோடிக்குச் சிவப்பு, ஒரு சோடிக்கு நீலம் என்று கட்டையின் நுனிகளில் கோத்துக் கட்டினீர்கள். வேலை முடிந்ததும் போகவில்லை. திண்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஒரு கை பாக்கட்டா?"

"இது மைக்கு பிடிச்சுப் பேசுற வேல இல்ல அண்ணே."

"நீ காட்டித் தா. பிறவு பாரு."

முதலில் நூலைச் சிக்கலாக்கினீர்கள். அப்புறம் அந்தச் சிக்கலைத் திட்டினீர்கள். பிறகு, எப்போது என்று எனக்கே தெரியவில்லை, உங்கள் விரல்களுக்கு வழி பிடிபட்டுவிட்டது. அந்தப் பெரிய கைகளுக்கு நடுவில் சின்னக் கட்டைகள் கிலுகிலுவென்று ஓடுவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாகவும் பெருமையாகவும் இருந்தது. உங்களுக்கோ ஒரே வெட்கம். "போலீசு பிடிச்சாலும் காரியமில்ல மக்கா, நான் ரேந்தை பின்னுனேன்னு மட்டும் வெளிய விட்டிராத. நம்ம ஆளுவ சிரிச்சே சாவானுவ" என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள்.

ஆனால் வெட்கத்தைவிடக் கர்வம் பெரிது உங்களுக்கு. நூல் கொடுத்து ரேந்தை வாங்கிப் போக ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஒரு சேச்சி வருவார். மலையாளி. அவருடைய தம்பி போலீசுக்காரன் என்பது உங்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் நீங்கள் பின்னிய துண்டை என் ரேந்தைச் சுருளுக்குள் சொருகி வைத்துவிட்டீர்கள், கை தேர்ந்தவள் வேலையோடு சேர்ந்து தேறுகிறதா என்று பார்க்க. சேச்சி சுருளை விரித்தபோதுதான் எனக்கே தெரியும்.

சேச்சி எப்போதும் கட்டைவிரலால் தடவித்தான் பார்ப்பார். தடவிக்கொண்டே வந்த விரல் உங்கள் துண்டில் நின்றது.

"இது நின்றெ கையல்லல்லோ" என்றார்.

உள்ளறைக் கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "அம்மா பின்னினதாக்கும் சேச்சி" என்றேன். வயலிலிருந்து அப்போதுதான் வந்து, வெடித்த விரல்களோடு அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சேச்சி அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். இதோ எழுந்து போய்த் தம்பியிடம் சொல்லப் போகிறார், நாளை காலை உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். அவர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"நல்ல கையாக்கும். பட்சே பேடிச்சு வலிக்குந்து. நூல் பொட்டிப் போகும். பேடிக்காண்டாம்னு சொல்லு."

பயந்து இழுக்கிறதாம் அந்தக் கை, பயப்பட வேண்டாமாம். என்னிடம் பேசுவது போலத்தான் சொன்னார், கதவுக்குப் பின்னாலும் கேட்கிற குரலில். பையிலிருந்து எனக்குத் தரும் நூலை எடுத்து வைத்தார். அதே அளவு நூலை இன்னொரு கட்டாக எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவைத் திறந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். மரச்சீனிக் குவியலின் மேல் உட்கார்ந்து உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பயமா அண்ணே?"

"உண்டு மக்கா. மேடையில நிக்கும்பமும் உண்டு, இப்பமும் உண்டு."

அதுவரை உங்களைப் பயமே இல்லாத ஆள் என்று நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனீர்கள் என்று தெரிந்த பிறகு உங்கள் மேல் பாசம் கூடிவிட்டது. போலீசு வரவில்லை, அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. சேச்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வரும்போதெல்லாம் இரண்டு பேருக்கு நூல் கொண்டுவந்தார்.

உங்கள் மேல் இருந்த வழக்கு போயிற்று, எல்லையும் வந்தது. களியக்காவிளை தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம், நாம் கேரளத்தோடு இந்தப் பக்கம். சேதி வந்த அன்று சாப்பிடவில்லை நீங்கள். மறுநாள் எழுந்து மரச்சீனி பிடுங்கப் போனீர்கள். பிள்ளைகள் மலையாளம் படித்தார்கள். நீங்கள் அவர்களுக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தீர்கள். அதற்கு மேல் யாரையும் குறை சொன்னதில்லை.

அடக்கத்தன்று சபையில் பேசியவர்கள் எல்லோரும் அஞ்சா நெஞ்சன் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நர்சுப் பிள்ளைகளிடம் மலையாளத்தில் தமாஷ் பேசிக்கொண்டிருந்தீர்கள். "அப்பா எவ்வளவு தைரியமா இருக்காரு பாருங்க அத்தே" என்றான் உங்கள் மகன். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருந்த உங்கள் விரல்களைப் பார்த்தேன். துணி கிழிந்துவிடும் போல இழுத்துப் பிடித்திருந்தீர்கள். அவற்றை ஒவ்வொன்றாக விடுவித்து, என் கையைக் கொடுத்தேன். எலும்பு நோக இழுத்தீர்கள்.

"பேடிக்காண்டாம் அண்ணே" என்றேன்.

அந்த இழுப்பு என் விரல்களில் இப்போதும் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உங்கள் கை தளர்ந்தது. நர்சுப் பிள்ளை வந்து நாடி பார்க்கும்வரை, பயம் போய்விட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன், அண்ணே.