லோரி நம்பர்

12 ஆகஸ்ட் 1979, ஞாயிறு

முனியாண்டி அண்ணன் மாலையில் வந்தார். போன வாரம் சிடாம் கிரி முச்சந்தியில் தம்பி சேகரை லோரி மோதியபோது, அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பக்கத்து வீட்டுக்காரர். லோரி நிற்கவே இல்லை. நம்பரை யாரும் பார்க்கவில்லை என்று எல்லோரும் போலீசில் சொன்னார்கள். அண்ணனும் சொன்னார்.

இன்று ஒரு கவரை நீட்டினார்.

"நேத்து நாலு நம்பர் லாட்டரி அடிச்சிருச்சி தங்கச்சி. நம்ம தோட்டத்து லயத்துல பாதிப் பேரு எடுத்திருந்தோம். கருமாதிச் செலவு எங்களுது. மிச்சத்துல கோயிலுக்குக் கூரை மாத்தி, சேகரு பேர எழுதப் போறோம்."

நல்ல காரியம் என்று அம்மா கவரை வாங்கித் தம்பி படத்தின் கீழே வைத்தாள்.

"எந்த நம்பர்ண்ணே எடுத்தீங்க?" சும்மாதான் கேட்டேன்.

"அந்த லோரி நம்பர்தான்லா."

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"போலீஸ்ல சொன்னா கோர்ட்டு கோர்ட்டுன்னு அலைய விடுவான். வேல போயிரும் தங்கச்சி."

எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

தம்பியின் ரத்தம் பட்ட அவர் சட்டையை அன்றைக்கு நான்தான் துவைத்தேன். பையில் ஒரு சிகரெட் அட்டை இருந்தது, அதில் நான்கு எண்கள். அவர் வழக்கமாக எடுக்கும் நம்பராக இருக்கும் என்று நினைத்தேன். நனையாமல் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.