என் வயலில் எரிந்த ‘ரிசப்ஷன் நெல்’

அனுப்புநர்:
மு. கேசவன் (வயது 52), விவசாயி,
ஏரிக்கரைத் தெரு, மேலத்தாங்கல் கிராமம்,
திருப்போரூர் வழி, செங்கல்பட்டு வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: என் நிலத்தில் சோதனைக்குப் பயிரிட்ட நெல்லை எனக்கு விவரம் சொல்லாமல் எரித்தது – அது என்ன நெல் என்று தமிழில் எழுதித் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பு. போன ஆவணியில் ஒரு தனியார் விதை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பரணிதரன் என்ற இளம் அதிகாரி வந்து, இலைக்கருகல் நோய் அண்டாத நெல் என்று சொல்லி, சோதனைக்குப் பத்து சென்ட் கேட்டார். அவர் சொன்ன பெயர் ‘ரிசப்டர்’. என் காதில் விழுந்தது ‘ரிசப்ஷன்’. என் மகள் சாருலதாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். வேறு என்ன விழும்? ரிசப்ஷனுக்கென்றே ஒரு நெல் வந்திருக்கிறது, அது என் வயலில்தான் விளைகிறது என்று டீக்கடையிலிருந்து கோவளத்துச் சம்பந்தி வீடு வரை பெருமையடித்தேன். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்து மட்டும் எனக்கு அழகாக வரும்.

2. கார்த்திகையில் ஊர் வயல் முழுக்க இலைக்கருகல். என் சொந்த ஒரு ஏக்கரும் நுனி மஞ்சளித்துக் காய்ந்தது. நடுவில் அந்தப் பத்து சென்ட் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. கண் படும் என்று என் மனைவி ஜெகதாம்பாள் வரப்பில் பூசணிக்காய் கட்டினாள்.

3. கல்யாணம் 1.2.2006 அன்று நல்லபடியாக நடந்தது. சோதனை நெல் அறுப்பாகாததால், விருந்துக்கு அரிசி திருப்போரூர் கடையில்தான் வாங்கினேன். ரசீது இணைத்துள்ளேன். 9.2.2006 காலையில் நிலையத்தார் ஆறு பேர் முகமூடி, கையுறையோடு வேனில் வந்து இறங்கினார்கள். அறுவடைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மோர் கலக்கி வைத்தேன். அவர்களோ அறுத்த கதிரைக் குழியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். முற்றிய கதிர், ஐயா. பொரி மணம் தெரு வரை வந்தது. நான் சொம்பும் கையுமாக நின்றேன். நெல்லுக்குக் கொள்ளி வைப்பதை இந்த வயதில்தான் பார்த்தேன்.

4. அப்போதுதான் பரணிதரன் விளக்கினார். காட்டு நெல் ஒன்றின் மரபணுவை இந்த நெல்லில் வைத்திருக்கிறார்களாம், கிருமி வந்தால் மோப்பம் பிடித்துப் பயிரை உசுப்பும் காவல்காரன் போல் ஒன்றை அது உண்டாக்குமாம், அதுதான் ரிசப்டராம். அவ்வளவு நல்ல காவல்காரன் இருக்கிற வீட்டை நீங்களே ஏன் கொளுத்துகிறீர்கள் என்று கேட்டேன். விதிமுறை என்றார். ஒரு மணி கூட வெளியே போகக் கூடாதாம். இதை நடவுக்கு முன்பே தமிழில் சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா வைத்திருப்பேன்?

5. முகமூடியைப் பார்த்த ஊர் ‘விஷ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டது. சம்பந்தி சம்பத், “இன்னா சம்பந்தி, ரிசப்ஷன்ல எங்க சனத்துக்கெல்லாம் சோதனைச் சோறா போட்டீங்க?” என்று கேட்டு, நான் சீராக அனுப்பிய அரிசி மூட்டையைத் திருப்பி அனுப்பினார். ரசீதைக் காட்டினேன். “நீதான நைனா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச” என்றார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். என் மகளைத் தாய் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று நிறுத்தி இரண்டு மாதமாகிறது.

6. ஆகவே அந்த நெல் மனிதருக்குக் கெடுதலா, இல்லையா என்று அரசு முத்திரையோடு தமிழில் ஒரு கடிதம் தர வேண்டுகிறேன். கெடுதல் இல்லை என்றால் சம்பந்தியிடம் காட்டுவேன். ஆம் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த முறை எந்த நிலையம் வந்தாலும், தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க உத்தரவிடவும் வேண்டுகிறேன்.

இடம்: மேலத்தாங்கல்
நாள்: 3.4.2006

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மு. கேசவன்

ஐயா, கையெழுத்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். ஒரு மணியாவது வெளியே போனதா என்று கொளுத்திய அன்று நிலையத்தார் கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன். கல்யாணத்தில் நவதானியம் முளைக்க வைக்கும் பாலிகைக்கு, ராசியான பயிர் என்று அந்தக் கதிரில்தான் இரண்டு கைப்பிடி உருவினேன். ஜெகதாம்பாளுக்கும் தெரியாது. முளையைப் பெண்கள் வழக்கப்படி ஏரியில் விட்டார்கள். இப்போது மதகு ஓரச் சேற்றில் ஒரு கொத்து முழங்கால் உயரம் நிற்கிறது. பத்து நாளில் கதிர் தள்ளும். பிடுங்க இரண்டு முறை போனேன். கை வரவில்லை. அது என் மகளின் பாலிகை, ஐயா.