முதுகில் ஒரு மூட்டை

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
12-8-1957

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வேளையாவது சாப்பிடுகிறாயா, அதை மட்டும் எழுது. அப்பாவின் முட்டிவலி தேவலையா?

நம் குழந்தை குமுதாவை அடக்கம் பண்ணிவிட்டு ஆம்பூரிலிருந்து திரும்பிய நாள்முதல் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. காலையில் மறுபடியும் தண்டால் எடுக்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் அப்பா என்னை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் எடுப்பார். நானும் குமுதாவை ஏற்றித்தானே பழகினேன்? வெறும் முதுகோடு பத்துகூட முடியவில்லை.

நேற்று ஒரு கூத்து நடந்தது. அறையில் கூட இருக்கும் தாஸ் வாங்கி வைத்த அரிசி மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்தேன். மூட்டை சரிந்து, கட்டு அவிழ்ந்து, அறை முழுக்க அரிசி. "என்னா கேசவா, பயில்வானாகப் போறியா?" என்று தாஸ் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே பொறுக்கினேன்.

என் பழைய காக்கி நிஜாரை வெட்டி ஒரு பை தைத்து அனுப்பு. மணல் போட்டுக்கொள்கிறேன்.

மில்லில் சங்கு ஊதிவிட்டது. அவள் எத்தனை ராத்தல் இருந்தாள் என்று மறக்காமல் எழுது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் எடை வேண்டாம், அது ஜுரத்தில் இளைத்த பிறகு எடுத்தது. பொங்கலன்று விறகுக்கடைத் தராசில் அடம்பிடித்து ஏறி உட்கார்ந்தாளே, அந்த எடை.

உன்,
ஆதிகேசவன்