வெறும் கேசட்

அண்ணி,

உங்கள் மகள் நேற்று தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையும் கூட வந்தார். போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறதாம், பிறகு தானாக அணைந்துவிடுகிறதாம். கடையில் காட்டியதற்கு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "எங்க சித்தப்பா கைவெச்சா சரியாயிரும்" என்று சவால்விட்டு அவரை இழுத்து வந்திருக்கிறாள். ஓடவிட்டுப் பார்த்தேன், அணைந்தது. மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசனை குப்பென்று வந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாசனையை முதலில் எங்கே முகர்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கம்பைநல்லூர் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு முன்னால், ஒரு மர ஸ்டூலின் மேல் நம் வீட்டு முதல் கம்ப்யூட்டர் இருந்தது. குவைத்தில் யாரோ ஊர் திரும்பும்போது விட்டுப்போனதை அண்ணன் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். நம் வீட்டுக்கு வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. பார்த்தால் வெறும் டைப்ரைட்டர் பலகை. டிவியோடு இணைத்தால் எழுத்து வரும். கேசட் ரெக்கார்டரோடு இணைத்தால் கேசட்டில் இருக்கிற ஆட்டமெல்லாம் அதற்குள் ஏறும். "பாப்பா படிக்க ஆவும்" என்றார் அண்ணன். பாப்பா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ஆகவே எண்பதுகளின் கடைசியில், வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அது வாய்த்தது.

அந்த ரெக்கார்டருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அண்ணன் கடிதம் எழுதமாட்டார், பேசி அனுப்புவார். தர்மபுரியில் துணிக்கடை வைத்திருந்த பாயின் மகன் அண்ணனோடு வேலை செய்தார். அவர் வரும்போது அண்ணனின் கேசட் வரும், போகும்போது நம்முடையது போகும். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பதிலும் அப்படித்தான். அப்பா பேசி, அம்மா அழுது, நான் ஊர்க்கதை அளந்து முடித்த பிறகு, ரெக்கார்டரை உங்கள் பக்கம் நகர்த்துவோம்.

"நாங்க நல்லா இருக்கறோங்க. ஒடம்ப பாத்துக்கங்க."

ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வார்த்தை. மாமனார், மாமியார், கொழுந்தன் மூன்று பேரும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டினவரிடம் வேறு என்னதான் பேச முடியும்? இது எனக்கு உறைக்கவேயில்லை. "அண்ணிக்குப் பேச்சே வராது" என்று கிண்டல் செய்துகொண்டு திரிந்தேன்.

கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது அந்தக் கோடையில். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் திரையில் எழுத்து நடுங்கும். ஸ்டெபிலைசர் வைத்தேன். தொட்டால் சுட்டது. அடியில் தீப்பெட்டிகளை வைத்து, காற்றுப் போகத் தூக்கிவிட்டேன். அதற்குப் பிறகு கேசட்டிலிருந்து எதுவுமே ஏறவில்லை. ஒயரை உருவிக் கேட்டால் கேசட் கிறீச்சிடும், அதோடு சரி. "என்னடா இது, பன்னிய அடிக்கறாப்ல கத்துது" என்று அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டு முழித்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னது நீங்கள்தான். "ஒண்ணொண்ணா பாருங்க தம்பி. அல்லாத்தையும் ஒரேடியா தொட்டா எது கெட்டதுன்னு எப்பிடித் தெரியும்?"

அப்படியே செய்தேன். டிவி சரி, ஒயர் சரி. ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். ஒன்றுதான் பாக்கி. நானே ஒரு புரோகிராம் எழுதி, அதைக் கேசட்டில் பதிந்து, திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏறினால் மெஷினில் கோளாறில்லை, பழைய கேசட்டுகள்தான் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். ஒரு வட்டம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிற மாதிரி எழுதினேன். ஒகேனக்கல் பரிசல் என்று அதற்குப் பெயர் வைத்தேன். "ஓட்டறவரு எங்கங்க காணோம்?" என்று சிரித்தீர்கள்.

பதிந்து பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாயின் மகன் சாயங்காலம் கிளம்புவதாக இருந்தார். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் பூசைக்கு வரவில்லை. நாங்கள் கோயிலிலிருந்து வந்ததும் நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலின் முன்னால் உட்கார்ந்தேன். ரெக்கார்டருக்குள் ஒரு கேசட் இருந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார், அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் உள்ளறையிலிருந்து வேகமாக வந்தீர்கள்.

"அண்ணி, இது வெறும் கேசட்டுதானுங்களே?"

நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். அப்பாவைப் பார்த்தீர்கள்.

"ஆமாங்க தம்பி. வெறும் கேசட்டுதான்."

அந்தக் குரலில் ஏதோ ஒன்று இடறியது. எனக்குக் கேட்டது அண்ணி, கேட்காமல் இல்லை. ஒயர் செருகியிருந்தால் ரெக்கார்டரில் சத்தம் வராது. ஒயரை உருவிவிட்டுக் கொஞ்சம் ஓடவிட்டிருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்திருக்கும். பரிசல் அவசரத்தில் இருந்தேன். கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, பதிவுப் பொத்தானை அமுக்கினேன்.

திரும்ப ஏற்றியதும் ஏறியது. திரையில் வட்டம் சுற்றியது. "சுத்துது, சுத்துது!" என்று கூவிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினேன். கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கிறீச்சென்ற சத்தத்தின் கடைசித் துண்டு முடிந்ததும் கூடத்தில் உங்கள் குரல் எழுந்தது.

"...இருக்கற காசு போதுங்க. வந்துடுங்க. இந்த வூட்ல ராத்திரியானா என்னால..."

நிறுத்திவிட்டேன்.

"இந்த வூட்ல உனக்கு என்ன கொறை? சொல்லு, கேக்கறேன்" என்றார் அம்மா.

"ஒண்ணும் இல்லீங்க அத்தை."

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்தார்.

அன்று சாயங்காலம் முறுக்குப் பொட்டலம் போனது. கேசட் போகவில்லை. பாயின் மகனை பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். "அண்ணனை ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் வரும்வரை பரிசல் சுற்றிய கதையையே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நீங்கள் தனியாகப் பேசிப் பதியவேயில்லை. நம்முடைய கேசட்டுகளில் பழைய இரண்டு வார்த்தைகளே போய்க்கொண்டிருந்தன. அண்ணன் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தபோது பாப்பா பத்தாவது முடித்திருந்தாள். நடுவில் எத்தனையோ தடவை நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். குடும்ப விஷயத்தில் நாம் எதற்கு என்று எனக்கு நானே நல்லபிள்ளை வேஷம் கட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து அடங்கியது. நான் துக்கம் விசாரிக்க வேண்டிய முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். "போனாப் போவுது வுடுங்க தம்பி. பரிசல் நல்லாத்தான் சுத்துச்சு" என்றீர்கள். கேலியா, மன்னிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

நேற்று உங்கள் மகளிடம் கேட்டேன், "உள்ள உன்னோடது ஏதாச்சும் இருக்கா கண்ணு?"

பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார். "ஒண்ணும் இல்ல சித்தப்பா. அழிச்சுட்டுப் புதுசாப் போடுங்க."

அந்த "ஒண்ணும் இல்ல" எனக்குத் தெரிந்த குரல். மாப்பிள்ளையை டீ வாங்கிவர அனுப்பினேன். இந்தத் தடவை மெஷினைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து மறுபடி கேட்டேன். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா கடைசியா பேசுனது ஒண்ணு இருக்குது. போன்லேர்ந்து எடுத்து இதுல வெச்சேன், போனும் போயிருச்சு. தெனம் அத போட்டுட்டு அழுவறேன்னு அவருக்கு வருத்தம். அதான் சொல்லல."

விசிறியில் தூசி அடைத்திருந்தது, அவ்வளவுதான் கோளாறு. துடைத்துவிட்டு, வேறெதையும் தொடுமுன் உங்கள் குரலைத் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு ஓடவிட்டோம். இத்தனை வருஷமாக உங்கள் பேச்சின் வால் மட்டும்தான் என்னிடம் இருந்தது. அதற்கு முன்னால் அண்ணனிடம் என்னவெல்லாம் சொல்லியிருந்தீர்களோ, அது யாருக்கும் தெரியாமல் போக நான்தான் காரணம். நேற்றுக் கேட்டதையாவது தொடக்கத்திலிருந்து கேட்டேன்.

"கண்ணு, சாப்ட்டியா? இங்க மழ வர்றாப்ல இருக்குது. உன்னப் பாக்கணும்போல இருக்குது, வந்துடு."

"இதக் கேட்டுட்டு என்ன பண்ணுன?" என்றேன்.

"என்ன பண்ணுவேன் சித்தப்பா? அன்னிக்கே பஸ் ஏறிட்டேன்" என்றாள்.