கூட்டல் சாருக்கு

உன் வாக்கி டாக்கி இப்போது என் மேசையில் இருக்கிறது. செங்கல் கனம் கனக்கிறது. தோல் உறையைத் திறந்ததுமே சுண்ணாம்புக்கல் தூசு மூக்கில் ஏறி நான்கு தும்மல். போய்ச் சேர்ந்த பிறகும் என்னைப் படுத்துவதில் நீ ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவிதான் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்து கொடுத்தாள். "அண்ணே, இத ஒங்ககிட்ட சேத்துடணும்னு ரெண்டு மூணு தடவ சொன்னாரு. ஏங்கன்னு கேட்டா, அவனுக்குத் தெரியும்னுட்டாரு" என்றாள். கட்டிய மனைவியிடம்கூடக் காரணம் சொல்லாத ஆள் நீ. எனக்கு என்ன தெரியும்? இன்று காலைவரை ஒன்றும் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே ஊர்விட்டு ஊர் பேசும் ஹாம் ரேடியோ கிறுக்குப் பிடித்தவன் அரியலூரில் நீ ஒருவன், பெரம்பலூரில் நான் ஒருவன். நான் தந்தி கிளார்க்; புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் எனக்குச் சோறு போட்ட தொழில். நீ சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். லைசென்ஸுக்கான மோர்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாய். லைசென்ஸ் வந்த அன்று அதைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். "மொத மொத ஒங்கூடத்தான்யா பேசுவேன். வேற எவங்கூடயும் பேச மாட்டேன்" என்றாய். அதற்காகவே காத்திருந்தாய்.

நான் என் செட்டை நானே கட்டினேன். நீயோ சுரங்கத்துக் கழிவு ஏலத்தில் இந்த வாக்கி டாக்கியை எடுத்து வந்தாய். லாரிக்கும் கல் உடைக்கும் கிரஷருக்கும் பேசுவதற்கென்று செய்த சாமான். அதற்குத் தெரிந்தது கம்பெனியின் அலைவரிசை மட்டும். நம் அலைவரிசைக்குக் கொண்டுவர, அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் துண்டுகள் இரண்டை மாற்ற வேண்டும்: பேச ஒன்று, கேட்க ஒன்று. எண்ணைக் குறித்துப் பெங்களூருக்கு எழுதினால் செய்து அனுப்புவார்கள். கேட்கும் கிரிஸ்டலுக்கு மட்டும் ஒரு சிறு கணக்கு உண்டு. நம் அலைவரிசையிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கிரிஸ்டல்கள் வந்தன. மொட்டை மாடியில் மூங்கில் நட்டு, அலுமினியக் கம்பியில் ஏரியல் கட்டி, மாலை ஆறரைக்கு நீ கூப்பிட்டாய். "நான் பேசறது கேக்குதாய்யா? ஓவர்." பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. நான் கத்தினேன். நீ, "ஒண்ணும் கேக்கலியே. ஓவர்" என்றாய். மறுநாளும் அதே கதை. ஆறு வாரம்! தினமும் ஆறரைக்கு நீ பேசுவாய், நான் கேட்பேன். நான் பேசுவேன், உனக்கு இரைச்சல். சாயங்காலம் என்ன டிபன், போர்மேன் என்ன ஏசினார், தங்கச்சிக்கு என்ன கோபம், எல்லாம் எனக்கு வந்து சேரும். பதில் சொல்ல முடியாமல் மேசையைக் குத்துவேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, "கேட்டது, கேட்டது" என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். ரேடியோ வைத்திருப்பவன் செய்கிற வேலையா இது?

கடைசியில் பெங்களூருக்கு நீ எழுதிய கடிதத்தின் நகலைப் பிடுங்கிப் பார்த்தேன். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், "ஒண்ணாங்கிளாஸ் பையன்கூட இப்படிச் செய்ய மாட்டான்யா!" என்று கத்தினேன். தங்கச்சி காபியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். நீ காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "ஆமாய்யா, கூட்டல்தான் போட்டுருக்கு. சரி, வுடு" என்றாய்.

உன் வாயில் அந்த "சரி, வுடு" எப்போதும் தயாராக இருக்கும். சிறுவாச்சூர் கோயில் வரிசையில் ஒரு குடும்பமே நமக்கு முன்னால் புகுந்தபோதும் அதைத்தான் சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். திருச்சியில் ஹாம் நண்பர்கள் கூடியபோது எழுந்து நின்று, நடித்துக் காட்டிச் சொன்னேன். சிரிப்பு அடங்கவில்லை. அன்றே உனக்குப் பெயர் வைத்தாயிற்று: கூட்டல் சார். நீயும் சிரித்தாய். புதுக் கிரிஸ்டல் வந்து என் குரல் உனக்குக் கேட்ட அன்று, "கேக்குதுய்யா, கேக்குது!" என்று நீ குதித்த குதிப்பை அலைவரிசையில் நடுவே புகுந்து கெடுத்ததும் திருச்சிக்காரர் ஒருவர்தான். "வாழ்த்துகள் கூட்டல் சார்!" அடுத்த கூட்டத்துக்கு நீ வரவில்லை. ஷிப்ட் என்றாய். அதற்கடுத்ததுக்கும் ஷிப்ட். ஒரு வருஷத்தில் ஆறரை மணியும் நின்றுபோனது. "இவ்வளவு ரோஷம் ஆகாது" என்று உனக்குக் கார்டு எழுதினேன். எழுதிய கையை என்ன செய்வது?

இன்று காலை உறையைத் துடைக்கையில், பின்மடிப்பில் ஒரு காகிதம் அகப்பட்டது. தந்தி ஃபாரம். அதன் முதுகில் கணக்கு. ஏழின் நடுவில் குறுக்குக் கோடு போடுகிறவன் நம் இருவரில் நான்தான். கூட்டல் குறி என் கையெழுத்தில், அழுத்தமாக, சந்தேகமே இல்லாமல் இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டு. டிரைவர் எஞ்சினை முடுக்கிவிட்டார், கண்டக்டர் விசில் ஊதுகிறார். "ஒனக்குக் கணக்கு வராதுய்யா. நான் போட்டுத் தரேன், நீ அப்படியே பாத்து எழுதி அனுப்பு" என்று முழங்காலில் வைத்துக் கிறுக்கி, ஜன்னல் வழியாக உன் கையில் திணித்தேன். நீ அப்படியே பார்த்து எழுதினாய். என் கணக்குக்குக் கீழே உன் பென்சிலில் சரியான கழித்தல் இருக்கிறது. புதுக் கிரிஸ்டலுக்கு நீயே போட்ட கணக்கு. அப்படியென்றால் பிழை என்னுடையது என்று நான் கத்திய அன்றே உனக்குத் தெரியும்.

ஏன்யா சொல்லவில்லை? நான் கத்தியபோது இந்தத் தாளை என் மூஞ்சியில் விட்டெறிந்திருக்கலாமே? திருச்சியில் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஆசையாசையாய் வாங்கிய லைசென்ஸைச் சுவரோடு விட்டாயே தவிர, என்னை விட்டுக்கொடுக்கவில்லை. உன் பெருந்தன்மை எனக்கு எரிச்சலாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே அழுதேன், போதுமா?

பேட்டரி செத்திருந்தது. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து, உன் செட்டை என் ஏரியலில் மாட்டினேன். ஆறரை மணி. திருச்சிப் பழைய ஆட்கள் நாலைந்து பேர் இன்னும் அந்த நேரத்தில் பேசிக்கொள்கிறார்கள். உன் செட்டில் அவர்கள் குரல் துல்லியமாகக் கேட்டது. உன் கழித்தல் அவ்வளவு சரி. இடைவெளி பார்த்துப் பட்டனை அமுக்கினேன். "சரி, வுடுய்யா" என்று நீ சொல்வாய் என்று தெரியும். இந்த ஒரு தடவை விடுவதாக இல்லை.

"பெரம்பலூர்லேர்ந்து பேசறேன்" என்றேன்.

"யாருங்க பேசறது?"

"கூட்டல் சார்."