துணி வெட்டும் மேசையில் ஆறு மணி நேரம்

இன்று காலையும் துணி மாட்டிக்கொண்டது. கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைத் துணி. மேசை ஓரத்தில் ஸ்டீயரிங்கை வைத்து முடுக்கி முடுக்கிச் சிராய் எழுப்பி வைத்தீர்களே, அதே இடத்தில் ஒரு இழை உருவிக்கொண்டு வந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன், மெழுகு தடவிவிட்டேன், டேப்பும் ஒட்டிப் பார்த்துவிட்டேன். எதற்கும் மசியவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என்னைப் பாடாய்ப் படுத்துவதை மட்டும் இன்னும் விடவில்லை.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியே தலை நரைத்த மனுஷன். சர்க்கரையில் பாதம் மரத்துப்போய், இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் என்றால் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? நம் பையன் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விடக் கற்றுக்கொண்டீர்கள். பழைய ஸ்டீயரிங் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, வீட்டில் வேறு இடமே இல்லாததுபோல் நான் துணி வெட்டும் மேசையில் பூட்டினீர்கள். "மரத்துப்போன காலால யாரையும் ஏத்திக் கொல்ல முடியாத வண்டி இது ஒண்ணுதாம்மே" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் தரையில் குந்தித்தான் துணி வெட்டினேன்.

சும்மா ஓட்டிக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. ஆறு மணி நேரப் பந்தயம்தான் வேண்டும் என்று நின்றீர்கள். பணக்காரர்கள் வைத்திருக்கிற ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கென்று மாற்றிய ஜிடி வண்டிகள். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர்கள், மாறி மாறி ஓட்டவேண்டும். ஊர் ஊராய் எத்தனையோ பேர் அவரவர் வீட்டிலிருந்தே நெட்டில் சேர்ந்து ஓட்டுவார்கள். யார் வேகம் என்பது ஒரு பக்கம். ஆறு மணி நேரம் கழித்து வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. "ஓட்றது பெருசில்ல, வூடு வந்து சேர்றதுதான் பெருசு" என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஒரே ஒரு பந்தயத்தை முடித்துவிட்டால் போதும் என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு.

முடித்தால்தானே? முதல் தடவை பையன் ஓசூரிலிருந்து உங்களோடு சேர்ந்து ஓட்டினான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டியை நட்ட நடு ரோட்டில் நிறுத்திவிட்டீர்கள். ஏனென்றால் வளைவில் எவனுடைய காரோ கவிழ்ந்து கிடந்தது. மணலி ரோட்டில் பைக் சாய்ந்து கிடந்தாலும் டிரெய்லரை ஓரம்கட்டி முதல் ஆளாக இறங்குகிறவர் அல்லவா, அங்கேயும் அதே பழக்கம். பின்னால் வந்தவன் இடித்துத் தூக்கிப்போட்டான், பந்தயம் அதோடு முடிந்தது. அடுத்த தடவையும் அதேதான். "இன்னாடா, அடி கிடி பட்டுச்சானு பாக்க வாணாமா?" என்று கேட்டீர்கள். "இனிமே அப்பாவோட நான் ஓட்ட மாட்டேம்மா" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

இரண்டாவது டிரைவர் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். உங்களுக்குக் கிடைத்த ஏமாளி நான்.

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது" என்றேன்.

"மிஷின் மிதிக்கிற இல்ல? அதே காலுதாம்மே. பேரு குடுத்துட்டேன்."

கேட்காமலே பேர் கொடுத்தாயிற்று. எங்கே போய் முட்டிக்கொள்வது? ஒரு மாதம் தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே கிடக்க, நான் பிரேக் மிதிக்கப் பழகினேன்.

பந்தயம் வைத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். பெட்ரோல் போட வண்டி நிற்கும்போதெல்லாம் நாற்காலி மாறவேண்டும். நீங்கள் எழுந்திருப்பதற்குள் எதிர் வீட்டுக்காரி இட்லி ஊற்றி இறக்கியிருப்பாள். இருந்தாலும் வண்டி ஓடியது. கடைசி அரை மணி நேரம் உங்கள் கால் வீங்கிப்போய், நானே ஓட்டும்படி ஆனது. மேல்மூச்சு வாங்க ஓட்டினேன். அப்போது பார்த்து எதிரில் ஒரு சிவப்பு வண்டி கவிழ்ந்து புகைந்துகொண்டிருந்தது.

"நிறுத்து" என்றீர்கள்.

"சும்மா இருங்க."

"நிறுத்துமே."

நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் சந்து கிடைத்தது, நுழைந்து போய்விட்டேன். ஆறு மணி நேரம் முடிந்து கொடி விழுந்தபோது நம் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின இடம்தான், ஆனாலும் முடித்துவிட்டோம். பெரிய சந்தோஷத்தோடு உங்கள் பக்கம் திரும்பினேன். யாரோ செத்த வீட்டில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஏன் நிறுத்தல?"

"அதுக்குள்ள ஆளா கீது? பொம்ம வண்டி."

"பொம்மதான். ஆனா நிறுத்தாம போக காலு பழகிடும்மே."

எழுந்து வெளியில் போய்விட்டீர்கள். குழம்பு ஆறியது. இரண்டு நாள் பேச்சில்லை. எந்தப் பந்தயத்தை முடிக்கவேண்டும் என்று என் உயிரை எடுத்தீர்களோ, அதை முடித்துக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு நீங்கள் ஓட்டவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு உங்களைக் கொண்டுபோன வண்டிகூட ராயபுரத்தில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அசையவில்லை. உங்களுக்கு அது பழக்கம். நான்தான் உள்ளே உட்கார்ந்து அழுவதா, எல்லாரையும் திட்டுவதா என்று தெரியாமல் இருந்தேன். வீடு காலியாக இருக்கிறது. மேசை முழுக்க எனக்கே எனக்கு, அதுவும் பிடிக்கவில்லை.

போன வாரம் ரவிக்கைகளைக் கொடுக்க ஷேர் ஆட்டோவில் போனேன். திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒருவன் பைக்கோடு சறுக்கி விழுந்தான். ஆட்டோக்காரர் ஒதுங்கிப் போகப் பார்த்தார். "நிறுத்துப்பா" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். இறக்கிவிட்டு ஆட்டோ போயே போய்விட்டது.

விழுந்தவன் நடைபாதையில் உட்கார்ந்து முழங்கையை ஊதிக்கொண்டிருந்தான். "ஒண்ணும் இல்லக்கா, நீ போய்கினே இரு" என்றான். தண்ணீர் ஊற்றிக் கழுவி, கையிலிருந்த லைனிங் துணியில் ஒரு முழம் கிழித்துக் கட்டிவிட்டேன். அடுத்து வந்த ஆட்டோக்களில் இடமில்லை. உச்சி வெயில், டிரெய்லர் புழுதி, துணிக்குக் காத்திருக்கிறவள் போன் மேல் போன். ஆத்திரம் பொங்கிவிட்டது. "யோவ், இருக்கறப்பவும் உசுர வாங்கின, போயும் வாங்கிகினே கீறியே" என்று நடு ரோட்டில் வாய்விட்டே உங்களைத் திட்டினேன்.

அவன் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். "சாரிக்கா" என்றான்.

முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட உங்கள் வாயிலிருந்து வராத சொல். பரவாயில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டு, உங்கள் பேரில் அதை வாங்கிக்கொண்டேன்.