கூரத்துக்குக் கொடுக்காத கார்

அக்கா,

இன்று காலை ஒரு வாடகைக் காரில் ஏறப் போனேன். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும், கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "இன்னா சார், ஏறலியா?" என்றான் டிரைவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு செவிலிமேட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் நீ அந்தக் கருப்புக் காரை வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது. பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா தானே கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள் என்று காஞ்சிபுரமே வேடிக்கை பார்த்தது. நீ கண்டுகொள்ளவில்லை. கூரத்திலும் திருமுக்கூடலிலும் உன் ஹாரன் சத்தம் கேட்டாலே வெந்நீர் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

பிறகு அந்த ஏரிக்கரை. கூரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். காரில் நாம் இருவர் மட்டும். வளைவில் நீ ஸ்டியரிங்கைத் திருப்பினாய். அது திரும்பவில்லை. கைப்பிரேக்கை இழுத்தாய். கார் நின்றபோது முன்சக்கரம் ஒன்று கரைக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே இருந்தது. நீ கத்தக்கூட இல்லை. ஸ்டியரிங்கை மெல்ல அசைத்துப் பார்த்தாய். ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பியது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"யாருகிட்டயும் சொல்லாதடா. சொன்னா நாளைக்கு என் வண்டியில ஏற யோசிப்பாங்க."

"ரிப்பேர் பண்ணிடலாம்கா."

"பண்ணியாச்சு. ரெண்டு தடவ."

அதற்குப் பிறகும் நீ அதை ஓட்டினாய். வலியில் துடிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா. மறு வருஷம் உன்னைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலை. கார் கொட்டகையில் நின்றது.

நீ போன மூன்றாம் மாதம் கூரத்திலிருந்து முனுசாமி வந்தார். அவருடைய மூத்த மகளுக்கு நீதான் பிரசவம் பார்த்தாய். அப்போது சின்ன மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"அந்தம்மா வண்டிய எங்க ஊருக்குக் குடுத்துடுபா. அவசரத்துக்கு டவுனுக்கு இட்டுக்கினு வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டறதுக்கு ஆளு இருக்குது. அந்தம்மா பேரையே வண்டியில எழுதிடறோம்."

சாயப்பட்டறையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவன், சிவந்த கைகளோடு அவர் முன்னால் நின்றேன். உன் பெயரை எழுதுவார்கள் என்றதும் மனம் குளிர்ந்தது. உடனே தண்ணீருக்கு மேலே நின்ற சக்கரமும் கண்ணில் வந்தது. "பாக்கலாம்ணா" என்றேன்.

மெக்கானிக்கை வரவழைத்தேன். அரை நாள் காரின் அடியில் படுத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலபா. ஓடும். ஆனா இதுல உன் பொண்ண ஏத்துவியான்னு கேட்டா, மாட்டேன்" என்றார். பழைய இரும்பு எடுப்பவரும் வந்தார். இங்கேயே உடைத்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். அவரையும் திருப்பி அனுப்பினேன். கொடுத்தால் என்றாவது ஒரு நாள் ஏரிக்கரையிலிருந்து செய்தி வரும். உடைத்தால், நல்ல வண்டியை ஏன் உடைத்தாய் என்று கேட்பார்கள், நீ மறைத்தது வெளியே வந்துவிடும். கொட்டகைக் கதவைத் திறக்கவே பயந்தேன். முனுசாமி இன்னும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

ஐப்பசி மழையில் செல்விக்கு வலி கண்டது. மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். சேற்றில் சக்கரம் புதைந்து புதைந்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவளுக்கு உயிர் இல்லை. வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை.

எட்டாம் நாள் கூரம் போனேன். முனுசாமி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். ஏரிக்கரையில் நடந்தது, நீ சொல்லாதே என்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேபா. மாசம் நெருங்கறப்பவே பொண்ண டவுன்ல என் தங்கச்சி வூட்டுல வுட்டிருப்பேன். நீ மனசு எறங்கி வண்டிய குடுத்துடுவேன்னு நம்பிக்கினு இருந்துட்டேன்."

மறுநாளே இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். ஸ்டியரிங் பெட்டியை உடைத்தபோது உள்ளே பல்சக்கரத்தின் பல் ஒன்று முறிந்து கிரீசில் கிடந்தது. அது எப்போது இடுக்கில் போய்ச் சிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது என்றார் அவர். காரைக் கொடுக்காதது சரிதான் என்று அன்று தெரிந்தது. தெரிந்து என்ன?

கூரத்தில் இன்றும் உன் பெயரைக் கைகூப்பித்தான் சொல்கிறார்கள். ஏச்செல்லாம் எனக்குத்தான். அக்கா வண்டியை இரும்புக்குப் போட்டான், ஊருக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்கிறார்கள். போன மாதம் முனுசாமியைச் சந்தையில் பார்த்தேன். "ஊர்ல நடந்தத சொல்லிடட்டுமாணா?" என்று கேட்டேன்.

"வேணாம்பா. எங்க வூட்டுப் புள்ளைங்கள எடுத்துக் குடுத்த கை அது. நம்மோட போவட்டும்."

அவர் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், அக்கா. நீ என்னிடம் விட்டுப்போனதை இப்போது நாங்கள் இரண்டு பேர் சுமக்கிறோம். அதில் அவருடைய பங்குதான் கனமானது.